காப்புப் பருவமும் செய்தித்தாளும்

பிள்ளைத்தமிழ் பாடப் புகும் புலவன் முதலிற் பாடுவது காப்புப் பருவம். குழந்தை செங்கீரை ஆடுவதற்கும் சப்பாணி கொட்டுவதற்கும் நிலவை விளையாட அழைப்பதற்கும் முன்னே, அதனைக் காக்குமாறு தெய்வங்களை அவன் வேண்டிக்கொள்கிறான். காத்தற் கடவுளாகிய திருமாலை முன்னிறுத்தித் தொடங்குவது மரபு. இம்மரபில் மற்றொரு நுட்பமும் உண்டு. காப்புக்கு அழைக்கப்படும் தெய்வங்கள் பல, அசுரரை அழித்தவை, புரங்களை எரித்தவை. ஆயினும் காப்புப் பருவத்தில் அவற்றின் கொலைத் தொழிலை விரித்துப் பாடலாகாது என்று பாட்டியல் இலக்கணம் விலக்கியது. குழந்தையைப் பாடும் இடத்தில் குருதியைப் பாடினால், கேட்போர் உள்ளம் குழந்தையை விட்டுக் குருதியின்பால் சென்றுவிடும் என்று பழையோர் கருதினர் போலும்.

இலக்கணம் விலக்கியதைச் செய்தித்தாள் விரும்பி எடுத்துக்கொள்கிறது. குழந்தை வதை பற்றிய செய்தி எந்நாளில் வந்தாலும் அதில் காயங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கும். எத்தனை இடத்தில் சூடு, எந்த விலா எலும்பில் முறிவு, எந்தப் பொருளால் அடி என்பன வரிசையாக வரும். குழந்தை யார், என்ன விளையாடிற்று, அதற்கு ஆபத்து என்பதை முன்னரே கண்டவர் யாரேனும் உண்டா, கண்டவர் எங்கே சென்று சொல்லியிருக்க வேண்டும் என்பவை வருவதில்லை. மலேசியாவில் குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள் வளர்ந்த வரலாற்றில் செய்தித்தாளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பங்கு உண்மையானது என்பதனாலேயே அதன் குறைகளையும் எடை போட வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1985ஆம் ஆண்டு, வதைக்கு ஆளானதாக ஐயுறப்படும் குழந்தைகளைக் கவனிக்க ஒரு குழு அமைந்தது. கட்டிலிலிருந்து விழுந்தான், படியில் சறுக்கினான் என்று பெரியவர்கள் சொல்லும் விளக்கத்துக்கும் எலும்பு சொல்லும் உண்மைக்கும் பொருத்தமில்லாத குழந்தைகள் அம்மருத்துவர்களிடம் வந்துகொண்டே இருந்தனர். அவர்கள் கண்டதை மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். நாடு பெரிதும் அசையவில்லை. 1990ஆம் ஆண்டு இருபத்தாறு மாதமே நிரம்பிய ஓர் இந்தியக் குழந்தை வதையுண்டு இறந்தது. நாளிதழ்கள் அதனைப் பெருஞ்செய்தியாக்கின. மக்கள் கொதித்தனர். அதுவரை 1947ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றே குழந்தைகளுக்குத் துணையாக இருந்தது. மறு ஆண்டே, 1991ஆம் ஆண்டுக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வதையின் அடையாளத்தைக் காணும் மருத்துவர் அதனை அறிவித்தே ஆகவேண்டும் என்ற கடமை அதனால் வந்தது. பின்னர் அச்சட்டமும் வேறு இரு சட்டங்களும் ஒன்றாகி, 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமாக உருப்பெற்றன. 2002 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தக் குழந்தையின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் வழக்கின் பெயராகவே வழங்குகிறது. இங்கே அது எழுதப்படவில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

செய்தித்தாள் சட்டத்தை உண்டாக்கியது என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மை. ஐந்தாண்டுக் காலம் மருத்துவர்கள் குறித்து வைத்த குறிப்புகள் இல்லையேல், மக்கள் கொதிப்பு கொதிப்பாகவே ஆறிப்போயிருக்கும். அமெரிக்காவில் இது வேறு முறையில் நடந்தது. 1962ஆம் ஆண்டு ஹென்றி கெம்ப் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் அடிபட்ட குழந்தைகளின் நோய்க்குறிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பொது மக்களின் பத்திரிகைகள் அதனை எடுத்து எளிய மொழியிற் பரப்பின. 1967ஆம் ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களிலும் வதையை அறிவிக்கும் சட்டம் வந்துவிட்டது. அங்கே பத்திரிகை மருத்துவரின் எழுத்தைப் படித்து எழுதிற்று. இங்கே ஒரு குழந்தையின் சாவு வரை காத்திருந்தது. சாவுக்குப் பின்னரே சட்டம் வரும் என்ற வழக்கம் அன்று ஏற்பட்டு, அதன்பின் பலமுறை தொடர்ந்தது. இதன் விளைவு ஒன்று உண்டு. இறக்காத குழந்தை செய்தியாவதில்லை. பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தை, மூன்று நாளாக ஒரே சட்டையை அணிந்துவரும் குழந்தை, கையை உயர்த்தினால் தலையைக் குனிந்துகொள்ளும் குழந்தை ஆகியோர் ஆசிரியர் கண்ணுக்கு நாள்தோறும் படுகிறார்கள்; அச்சுக்கு ஒருநாளும் வருவதில்லை.

குழந்தைக்காகப் பேசப் புகுந்த பத்திரிகையே குழந்தைக்குத் தீங்கு செய்த வரலாறும் உண்டு. 1885ஆம் ஆண்டு லண்டனில் டபிள்யூ. டி. ஸ்டெட் என்னும் ஆசிரியர், சிறுமியர் விலைக்கு வாங்கப்படுகிறார்கள் என்பதை நாட்டுக்கு மெய்ப்பிக்க எண்ணினார். ஆட்களைக் கொண்டு ஐந்து பவுனுக்குப் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை வாங்கச் செய்து, அக்கதையைத் தம் 'பால் மால் கெஜட்' இதழில் தொடராக எழுதினார். தாள்கள் கைக்குக் கை பறந்தன. சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம், இசைவு தெரிவிக்கும் வயதைப் பதின்மூன்றிலிருந்து பதினாறாக உயர்த்திச் சட்டம் செய்தது. ஸ்டெட் பெற்றது பெரிய வெற்றிதான். ஆனால் அச்சிறுமியைக் கடத்திய குற்றத்திற்காக அவரே மூன்று மாதம் சிறை சென்றார். கட்டுரையில் அவளுக்கு மாற்றுப் பெயர் இட்டிருந்தார். வழக்கு மன்றத்தில் உண்மைப் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. காரணம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அவளிடம் யாரும் கேட்டுவிட்டு அதைச் செய்யவில்லை.

தமிழ் நாளிதழ்களின் செய்தி மொழிக்கு வருவோர், அதனை ஓர் இலக்கியப் பகுதியைப் படிப்பதுபோல் சொல் சொல்லாகப் படித்துப் பார்க்க வேண்டும். நெடுங்காலமாக வழங்கிய சொல் 'கற்பழிப்பு'. கற்பு என்பது கல் என்னும் அடியிலிருந்து வந்தது. கற்பிக்கப்பட்ட ஒழுக்கம் என்பர். தொல்காப்பியம் அதற்கென ஓர் இயலே வகுத்தது. அது கணவன் மனைவி வாழ்வைப் பற்றியது. எட்டு வயதுச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கற்பழிப்பு என்று எழுதும்போது, களவு போனது அவளுடைய பொருள் என்றும், இனி அவள் அதனை இழந்தவள் என்றும் சொல் தானே தீர்ப்பளித்துவிடுகிறது. குற்றம் செய்தவன்மீது இச்சொல்லில் ஒரு கறையும் இல்லை. 'பாலியல் வன்கொடுமை' என்னும் சொல் இப்போது பரவி வருவது நல்லது; கொடுமை செய்தவனை அது விட்டுவிடவில்லை. ஆயினும் பழைய சொல் இன்னும் முற்றும் ஒழியவில்லை. 'சீரழித்தான்' என்பதும் அதன் உடன்பிறப்பே. சீர் அழிந்தவள் சிறுமி என்றே அதுவும் சொல்கிறது.

இதற்கு நேர்மாறான தவறு 'சில்மிஷம்'. பேருந்தில் பிள்ளையைத் தொட்டவன் செய்ததும் சில்மிஷம். வகுப்பறையில் பொம்மை களவாடிய குறும்பனுடையதும் சில்மிஷம். குற்றத்தை விளையாட்டாக்கும் சொல் இது. 'காமுகன்', 'கொடூரன்' முதலிய சொற்கள் அதற்கு ஈடு செய்வதாக எண்ணுகிறார்கள். அவை செய்வது வேறு. பேயைப் போலவும் விலங்கைப் போலவும் ஒருவனை எழுதினால், படிப்பவர் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தேநீர் அருந்தும் சிற்றப்பனிடம் அவனைத் தேடமாட்டார். குழந்தைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவரே என்பதை இத்துறையில் பணியாற்றுவோர் உலகெங்கும் சொல்லி வருகிறார்கள்.

பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியும் முப்பது வயது ஆடவனும் தொடர்புடைய செய்தியில் 'காதல்', 'காதலன்', 'ஓட்டம்' என்னும் சொற்கள் வருவது வழக்கமாகிவிட்டது. மலேசியத் தண்டனைச் சட்டத்தில், பதினாறு வயது நிரம்பாத சிறுமியின் இசைவு இசைவாகவே கொள்ளப்படுவதில்லை. சட்டம் குற்றம் என்பதைத் தலைப்பு காதல் என்கிறது. திரைப்படத்திற்குப் பக்கத்துப் பக்கத்தில் இச்செய்தி வருவதாலோ என்னவோ, அதன் மொழி இதற்கும் ஒட்டிக்கொள்கிறது.

அடிக்கும் செய்திகளில் 'கண்டித்தார்' என்ற சொல்லைக் காணலாம். பிள்ளை பால் குடிக்க மறுத்ததால் கண்டித்தார். கண்டித்ததில் பிள்ளை மயங்கியது. இச்சொல்லுக்குப் பின்னே பெரியதொரு பழக்கம் நிற்கிறது. அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டார் என்ற பழமொழி எந்தத் தமிழ் வீட்டிலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்த தந்தை, 'தோலை உரித்துவிடுங்கள் ஐயா, கண் இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று வாத்தியாரிடம் சொன்ன காலத்தை மூத்த ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார்கள். கண்டிப்பு எங்கே முடிகிறது, வதை எங்கே தொடங்குகிறது என்று கேட்கக்கூடிய நல்ல வாய்ப்பு செய்தியாளருக்கு ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது. 'கண்டித்தார்' என்று எழுதிய உடனே அவ்வாய்ப்பு கைநழுவிவிடுகிறது.

இனிப் பெயர் பற்றிய செய்தி. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கிற் தொடர்புடைய குழந்தையின் பெயர், முகவரி, கல்விக்கூடம், அடையாளம் காட்டக்கூடிய பிற விவரங்கள், படம் ஆகியவற்றை வெளியிடலாகாது என்கிறது. மீறுவோருக்குப் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை மேலும் தெளிவாக்கி, வழக்கு விசாரணைக்கு முன்னும் விசாரணையின்போதும் அதற்குப் பின்னும் இவ்விலக்கு செல்லும் என்றது. சட்டத்தின் எழுத்தை நாளிதழ்கள் பொதுவாகக் காத்து வருகின்றன. பெயர் எழுதுவதில்லை. முகத்தை மறைக்கிறார்கள். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் போன்ற நெருக்கமான ஒரு வட்டாரத்தில் பெயர் மட்டுமா அடையாளம்? நாடு முழுவதும் உள்ள தமிழ்ப்பள்ளிகள் 520க்குச் சற்று மேற்பட்டவை. 'கிள்ளானிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவி, தந்தை லோரி ஓட்டுநர், தாய் இறந்துவிட்டார், பாட்டி வீட்டில் வளர்கிறாள்' என்று எழுதிவிட்டால், தெங்கு கிளானா சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்க வந்தவர்கள் மாலைக்குள் அந்தப் பாட்டியின் வீட்டைக் காட்டிவிடுவார்கள். பெருநகரத்து ஆங்கில வாசகனுக்கு அது அடையாளம் ஆகாது. சிறு சமூகத்தின் இதழுக்கு அளவுகோல் வேறாக இருக்க வேண்டும்.

தமிழர் பெயரிடும் முறையும் இங்கே கருதத்தக்கது. பிற மக்கள் சிலருக்குக் குடும்பப் பெயர் உண்டு. அது ஆயிரம் பேருக்குப் பொது. மலேசியத் தமிழ்க் குழந்தையின் அடையாள ஆவணத்தில் அதன் பெயரோடு இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தந்தையின் பெயர் சேர்ந்தே நிற்கும். குற்றம் சாட்டப்பட்டவன் தந்தை என்னும்போது அவனுடைய பெயரை அச்சிட்டால், மகளின் பெயரில் பாதியை அச்சிட்டதாகிறது. குற்றவாளியின் பெயர் வெளிவர வேண்டும் என்ற பொது நலமும் மறுக்கத்தக்கதன்று. அப்படியாயின் உறவை எழுதாமல் விடலாம். உறவை எழுதினால் பெயரை விடலாம். இரண்டையும் ஒருசேர எழுதுவதே பெருந்தவறு.

பெயரை எழுத வேண்டிய நேரமும் உண்டு. 2007ஆம் ஆண்டு கோலாலம்பூரில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமற்போனாள். அவள் படமும் பெயரும் எல்லா மொழி இதழ்களிலும் வந்தன. தேடுவதற்கு அது இன்றியமையாதது. ஒரு மாதத்திற்குள் அவள் உடல் கிடைத்தது. அதன்பின் அவளுடைய கடைசி நிலையைப் பற்றிய விவரங்கள் நாட்கணக்கில் அச்சாயின. பெற்றோர் மீதே கவனக்குறைவு வழக்குத் தொடரலாமா என்ற பேச்சும் செய்தித்தாள்களில் இடம்பிடித்தது. காணாமற்போன பிள்ளைகளைப் பற்றி நாட்டுக்கு உடனே எச்சரிக்கும் முறை ஒன்று அவள் பெயரால் எழுந்தது என்பது அந்தத் துயரத்தில் விளைந்த நன்மை. தேடும்போது பயன்பட்ட அதே படம், உடல் கிடைத்த பின்னும் நாள்தோறும் எதற்காக வந்தது என்பதற்கு விடை இல்லை.

2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலேசிய வாசகர்கள் லண்டனிலிருந்து ஒரு செய்தியைப் படித்தனர். ரிச்சர்ட் ஹக்கிள் என்னும் ஆங்கிலேயன் கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களுக்கிடையே நல்லவன்போல் பழகி, பல ஆண்டுகள் குழந்தைகளைக் கெடுத்து வந்தான். 71 குற்றச்சாட்டுகளை அவன் ஒப்புக்கொண்டான். 22 ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அவன் கைதானது 2014 டிசம்பரில். ஆங்கில நீதிமன்றத்தின் தடை நீங்கும்வரை இங்குள்ள பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தபின் வந்த வெள்ளத்தில், அக்குடும்பங்கள் எந்த இனத்தவர், எந்தச் சமயத்தவர் என்பதெல்லாம் எழுதப்பட்டன. குழந்தைகளின் பெயர் எதுவும் வரவில்லை. ஆயினும் அந்த விவரங்கள் பொருந்தும் குடியிருப்புகள் நகரில் எத்தனை இருக்கும்? உதவி நாடி வெளியே வரவேண்டிய தாய் ஒருத்தி, அச்செய்தியைப் படித்தபின் கதவைத் தாழிட்டிருப்பாள் என்று எண்ணுவது மிகையாகாது.

அதே ஆண்டில் வேறு வகையான இதழ்ப்பணியும் நடந்தது. 'தி ஸ்டார்' நாளிதழைச் சேர்ந்த 'ரேஜ்' என்னும் இளைஞர் குழு, கைபேசி வழியே சிறுமியரை நாடும் ஆடவர்களைப் பதினைந்து வயதுச் சிறுமியர்போல் நடித்து அணுகியது. அவர்கள் பழகும் முறையைப் படமெடுத்து வெளியிட்டது. ஸ்டெட் ஓர் உண்மைச் சிறுமியைக் கொண்டுவந்தார். இவர்கள் தாங்களே அவ்விடத்தில் நின்றார்கள். எந்தக் குழந்தையின் துன்பத்தையும் அவர்கள் பொருளாக்கவில்லை. செய்தியோடு நில்லாமல், சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் சென்றார்கள். 2017ஆம் ஆண்டு குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் நிறைவேறி, ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே புத்ராஜெயாவில் இவ்வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றமும் தொடங்கிற்று. செய்தித்தாளின் பங்குக்கு 1990ஐ எடுத்துக்காட்டுவோர் இதனையும் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டும். இதில் எந்தக் குழந்தையின் பெயரும் வழக்கின் பெயராக நிலைக்கவில்லை.

அச்சட்டம் ஒரு புதிய குற்றத்தை வகுத்தது. தீங்கு செய்வதற்கு முன்னரே, அந்நோக்கத்தோடு குழந்தையிடம் இனிமையாகப் பழகி நம்பிக்கையைப் பெறுதல் குற்றம் என்றது. மலாய்ச் சட்ட நூல் அதற்குப் 'பெங்ஙந்துனான்' என்னும் தனிச் சொல்லை வழங்கிற்று. தமிழ் இதழ்கள் என்ன செய்கின்றன? 'ஆசை வார்த்தை கூறி' என்ற பழைய தொடரை அப்படியே எடுத்து ஒட்டுகின்றன. கன்னியரை ஏமாற்றிய மணமகன்களுக்கு எழுதிவந்த தொடர் அது. ஆசை என்பது கேட்டவளிடம் இருப்பதாக அது காட்டும். ஒன்பது வயதுச் சிறுவனுக்குக் கைபேசி விளையாட்டு வாங்கிக் கொடுத்து ஆறு மாதம் பழகியவன் செய்தது ஆசை வார்த்தை கூறுதல் அன்று. தமிழில் புதுச் சொல் படைக்க வேண்டிய தேவையும் இல்லை. 'நயவஞ்சகம்' என்ற சொல் காத்துக்கொண்டிருக்கிறது. நயமும் வஞ்சகமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. வஞ்சித்தவனையே அது சுட்டுகிறது. தமிழாசிரியர்கள் இச்சொல்லை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் இப்பொருளிற் பழக்கினால், செய்தியாளரும் ஒருநாள் எடுத்துக்கொள்வர்.

தண்டனை பற்றிய செய்திக்கு இதழ்களில் பஞ்சமில்லை. வதைக்குரிய உச்ச தண்டனை 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பத்தாண்டிலிருந்து இருபதாண்டாகவும், அபராதம் இருபதாயிரம் வெள்ளியிலிருந்து ஐம்பதாயிரமாகவும் உயர்ந்தது பலரும் அறிந்தது. பாதுகாக்கும் முறை எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தோர் குறைவு. சட்டம் 'பாதுகாவலர்' என்று பெயரிட்டுள்ள சமூக நல அலுவலருக்கோ போலீசுக்கோ குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால், அதனைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் அதனைக் குழந்தைகள் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவது ஒன்றே வழி என்று நம்பும் அயலார், ஒரு குடும்பத்தைக் கெடுப்பானேன் என்று வாய்மூடி இருப்பர். இடைவழி ஒன்று உண்டு என்பதை எந்தச் செய்தி அவர்களுக்குச் சொன்னது?

ஆசிரியருக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2001ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, அறிவித்தே தீரவேண்டியவர்களாக மருத்துவரையும் குடும்பத்தாரையும் குழந்தையைக் கூலிக்குப் பார்த்துக்கொள்வோரையும் தனித்தனியே குறித்தது. ஆசிரியர் என்ற பெயரை அவ்வாறு குறிக்கவில்லை. குறிக்காததனால் அறிவிக்கலாகாது என்பதன்று, யாரும் அறிவிக்கலாம். தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டு அழுகுரல் பத்து வீடுகளுக்குக் கேட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில், கதவை அடைத்தால் அடைத்ததுதான். வீட்டாரல்லாத பெரியவர் ஒருவர் குழந்தையை நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் காணும் இடம் பள்ளி ஒன்றே.

தற்கொலைச் செய்தியின் அடியில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசி எண்ணை அச்சிடும் வழக்கம் மலேசிய இதழ்களில் வந்துவிட்டது. வதையுறும் குழந்தைக்காக அழைக்கத்தக்க அரசாங்க எண் 15999 பல ஆண்டுகளாக இருக்கிறது. அதனை அச்சிட ஒரு வரி இடம் போதும். காயங்களின் பட்டியலில் இரண்டைக் குறைத்தால் அந்த இடம் கிடைத்துவிடும்.